வடலூரில் சோறும் ஜோதியும்

எல்லா உயிரிலும் விளங்குவது ஒரே இறைவனின் ஒளி. பிற உயிரின் பசி கண்டு உருகாதவர் இறைவனோடு கலப்பது அரிது. வள்ளலார் இராமலிங்கர் வகுத்த ஆன்மநேய ஒருமைப்பாட்டின் சாரம் இதுதான். அவர் செய்த பணிகளின் வரிசையே அதற்குச் சான்று. 1865இல் சன்மார்க்க சங்கம். 1867இல் வடலூரில், பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து தந்த நிலத்தில், பசித்தவர்க்குச் சோறிடும் சத்திய தருமச்சாலை. ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞானசபை திறந்தது 1872இல்தான். முதலில் சோறு, பிறகு சபை. எத்தனை ஆழமான முடிவு இது! அன்று அவர் மூட்டிய அடுப்பு தலைமுறைகள் தாண்டி இன்றும் அணையாமல் எரிகிறது. வருகிறவரின் சாதியையோ சமயத்தையோ கேட்காமல் சோறு போடுகிறார்கள்.

ஞானசபை எண்கோண வடிவம் கொண்டது. உள்ளே ஜோதி, அதன் முன்னே கறுப்பில் தொடங்கிப் பல வண்ணங்களில் ஏழு திரைகள். இவை ஆன்ம ஒளியை மறைக்கும் மாயா சக்திகளைக் குறிக்கும். தைப்பூசத்தன்று ஏழும் ஒவ்வொன்றாக விலக, கூட்டம் முழுவதும் ஒரே சுடரைக் காண்கிறது.

புலால் மறுத்தவரே சபைக்குள் நுழையலாம் என்றொரு விதி உண்டு. ஒருமையைப் பேசும் இடத்தில் இப்படி ஒரு தடையா என்று தோன்றலாம். உயிர்க்கொலையை விடாதவரை உயிர்நேயம் முழுமையாகாது என்பது அதன் நியாயம். தருமச்சாலைக்கு அந்தத் தடையும் கிடையாது: பசித்தவர் எந்த ஒழுக்கத்தவரானாலும் உணவளிக்கச் சொல்கிறது வள்ளலாரின் ஜீவகாருண்ய நெறி.