குச்சித் தீவனத்துக்கு விலை மட்டும் அளவுகோலா?

பிண்ணாக்கு, தவிடு, மாட்டுத் தீவனம் விற்கும் நமது கடைகளுக்கு, "கினிப் பன்றிக்குக் குச்சித் தீவனம் இருக்கிறதா? விலை குறைந்தது எது?" என்று கேட்டு வருவோரும் உண்டு. சாக்கில் இருக்கும் முயல் தீவனத்தையோ கோழித் தீவனத்தையோ அளந்து கொடுத்து அனுப்புவது எளிது. ஆனால் அது முறையல்ல என்பது நமது கருத்து.

பெயரில்தான் பன்றி, உண்மையில் அது எலி, அணில் வகையைச் சேர்ந்த, புல் தின்னும் சிறு பிராணி. மனிதரைப் போலவே அதன் உடலும் வைட்டமின் சி சத்தைத் தானே தயாரித்துக் கொள்ளாது. தானியம் மட்டும் தின்ற கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதை 1907-இல் நார்வே அறிஞர்கள் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் எடுத்துக்காட்டினர். முயலின் உடல் இச்சத்தைத் தயாரித்துக் கொள்ளும். ஆகவே முயல் தீவனத்தில் பொதுவாக இதைச் சேர்ப்பதில்லை. கோழித் தீவனத்திலோ கோழிக்கென்றே சேர்த்த மருந்துகள் இருக்கக்கூடும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் நட்டம் வாடிக்கையாளருக்கு, கெட்ட பெயர் நமக்கு.

சரி, எதை வாங்கி வைப்பது? பையின் மேல் மூன்று விவரங்களைப் பார்க்க வேண்டும்: வைட்டமின் சி சேர்க்கப்பட்டிருக்கிறதா, நார்ச்சத்து போதிய அளவு உள்ளதா, தயாரித்த தேதி எது. மூன்றாவதுதான் முக்கியம். வெப்பத்திலும் ஈரத்திலும் வைட்டமின் சி விரைவில் அழியும். சாதாரண வகைத் தீவனத்தில் ஏறக்குறைய 90 நாட்களில் பாதி போய்விடும் என்பது பொதுவான கணக்கு. நமது ஊர்ச் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ் கிடக்கும் சாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கினிப் பன்றிக்கு முதல் உணவு உலர்ந்த புல்லே. குச்சித் தீவனம் நாளொன்றுக்கு 25 கிராம் என்று வைத்துக் கொண்டாலும் மாதத்துக்கு முக்கால் கிலோதான். இரண்டு பிராணி வளர்ப்பவர் மலிவு என்று 25 கிலோ மூட்டை வாங்கினால் அது தீர 16 மாதத்துக்கு மேலாகும். சத்துப் போன தீவனம் எந்த விலைக்கு வாங்கினாலும் நட்டக் கணக்குத்தான். ஒரு கிலோ பையும், தினம் சிறிது கொய்யாவும் கொத்தமல்லித் தழையும் சேர்த்தால் செலவும் குறைவு, பிராணிக்கும் நலம். இதை எடுத்துச் சொல்லும் கடைக்காரரை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.

இன்னொரு விஷயம் நமது மாவட்டத்துக்கே உரியது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்று நமது ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கின்றன. விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு வரும் மணிலாவும், அதிலிருந்து வரும் பிண்ணாக்கும் நமது பிழைப்பு. அந்தப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. காரணம் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கு. அதற்கு முன்பே, 1954-இல், அங்கு ஆய்வுக்கூடக் கினிப் பன்றிகளைக் கொன்ற ஈரல் நோய் ஒன்று பதிவாகியிருந்தது. அதற்கும் நச்சுப் பிண்ணாக்கே காரணம் என்று 1962-இல் தெரிய வந்தது.

இந்த நஞ்சு வெயிலில் காய வைத்தால் போகாது. குச்சியாக அழுத்தும் சூட்டிலும் முழுதும் அழியாது. மாடு தின்றால் பாலிலும் இறங்கும். அந்தப் பால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வருகிறது. ஆகவே பூஞ்சை கண்ட பிண்ணாக்கை "மாட்டுக்குத்தானே" என்று விலை குறைத்துத் தள்ளுவதும், கலவைக்காரருக்குத் திருப்பி அனுப்புவதும் கூடாது. கழித்துக் கட்டுவதே நாணயம்.

"இவ்வளவு சிறு வியாபாரத்துக்கு இத்தனை கவனமா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சில்லறைக் கடைக்காரர் மட்டும் சுமக்க வேண்டிய பாரமும் அல்ல இது. மொத்த வணிகர்கள் ஒரு கிலோ, இரண்டு கிலோ பைகளாகத் தேதியுடன் தர வேண்டும். நாள் கடந்த பைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். சில்லறைக் கடையில் மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். சரக்கில் சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்துக் கொள்ளலாம். பலர் சேர்ந்து கட்டணத்தைப் பகிர்ந்து கொண்டால் எவருக்கும் சுமையில்லை.

வாயில்லா ஜீவன் கடைக்கு வந்து புகார் சொல்லப் போவதில்லை. அதற்காகவே நாம் கூடுதல் பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும்.