மாமாவுக்குக் கடிதமும் துரைக்கு மனுவும்

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியின் காலைக் கட்டிய கயிறு ஒரு காகிதம். அதற்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பியவனின் கடன் இவ்வளவு என்றும், அதைக் கட்டித் தீர்ப்பவரிடம் அவனை விட்டுவிடுவதாகவும் துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. தன் விலை எழுதப்பட்ட காகிதத்தைத் தானே சுமந்து சென்றவனுக்கு அதிலே ஓர் எழுத்தும் விளங்கவில்லை. 1921 ஆம் ஆண்டிற் சட்டம் துண்டை ஒழித்தது. விளங்காத காகிதத்தை மட்டும் எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை.

டிக்கோயாவின் மலைச்சரிவுகளில் இன்று பாடசாலைகள் இல்லாமலில்லை. ஆங்கிலப் பாடமும் இல்லாமலில்லை. மூன்றாம் ஆண்டு முதல் க.பொ.த. சாதாரண தரம் வரை ஒன்பது ஆண்டுகள் ஒரு பிள்ளை ஆங்கிலம் கற்கின்றது. அந்த ஒன்பது ஆண்டுகளின் முடிவில் அப்பிள்ளையின் கையில் இருப்பது யாது? பிறந்தநாட் பரிசுக்கு நன்றி கூறி மாமாவுக்கு எழுதும் கடிதம். சுற்றுலா சென்று வந்த கதையைப் பேனா நண்பனுக்கு விரிக்கும் கடிதம். மாணவர் மன்றக் கூட்டத்துக்கு ஓர் அறிவித்தல். இவை மனனஞ் செய்யப்படுகின்றன; பரீட்சை மண்டபத்திற் கொட்டப்படுகின்றன; வாயிலைத் தாண்டியதும் மறக்கப்படுகின்றன. லயத்து வீட்டிலிருக்கும் பிள்ளையின் மாமா அடுத்த காம்பராவிலேயே குடியிருக்கிறார். அவருக்கு ஆங்கிலத்திற் கடிதம் எழுத வேண்டிய தேவை இப்பிள்ளைக்கு எக்காலத்திலும் வரப்போவதில்லை.

வரக்கூடிய தேவை வேறு. தாயின் சேமலாப நிதி ஏட்டில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருக்கின்றன. இரண்டும் ஒருத்தியே என்று விளக்கி எழுத வேண்டும். ஒழுகும் கூரையைப் பற்றித் தோட்ட நிருவாகத்துக்கு முறையிட வேண்டும். பேர்ப்பதிவில் விடுபட்ட நாட்களைச் சுட்டிக்காட்ட வேண்டும். இவற்றுக்கெல்லாம் அந்தத் தாய் ஒரு நாட் சம்பளத்தை இழந்து ஹற்றன் நகருக்கு இறங்கி, எழுதிக் கொடுப்பவருக்குக் கூலியும் கொடுத்து, தன் பெயரில் என்ன எழுதப்பட்டதென்று அறியாமலே கையொப்பமிட்டுத் திரும்புகிறாள். வீட்டிலே ஆங்கிலத்திற் சிறப்புச் சித்தி பெற்ற மகன் இருக்கும்போதே இது நடைபெறுகின்றது என்பதுதான் வெட்கக்கேடு.

'தமிழும் அரசகரும மொழியாயிற்றே, ஆங்கிலம் எதற்கு?' என்று வினவுவோர் உளர். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் அவ்வுரிமையைத் தந்தது உண்மையே. அதனை நிலைநாட்டப் போராடுவதும் கடமையே. ஆனால், அரசின் சட்டம் அரச அலுவலகத்தின் வாயிலோடு நின்றுவிடுகின்றது. தோட்டங்கள் 1992 இல் மீண்டும் தனியார் முகாமைக்குச் சென்றன; கம்பனியின் கோப்பு ஆங்கிலத்திலேயே வாழ்கின்றது. உரிமை வந்து சேரும்வரை கடிதம் காத்திருக்குமா?

இந்த அறியாமை தற்செயலாக விளைந்ததன்று. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்டத் துரையிடமே ஒப்படைத்தது. பூனையிடம் பாற்குடத்தை ஒப்படைத்த கதைதான். கொழுந்து பறிக்க வேண்டிய கைக்கு எவ்வளவு எழுத்துப் போதுமென்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தக் கொழுந்தை விற்பவனுக்கே கிடைத்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது நாடு மகிழ்ந்தது. தோட்டப் பள்ளியோ துரையின் நிழலிலேயே கிடந்தது. 1970 களின் பிற்பகுதியிலேதான் அரசு அப்பள்ளிகளைப் பெருமளவிற் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஏனைய பிள்ளைகளுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குமிடையே ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட இடைவெளி விழுந்த பின்னரே அது நிகழ்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் அக்காகிதங்கள் செய்த வேலை சிறியதன்று. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தையடுத்து, 1949 இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பிரசாவுரிமை கிடைத்தோர் ஏறக்குறைய 134,000 பேரே. சட்டத்தின் நோக்கமே கொடிது. அதனை எந்த இலக்கணமும் திருத்தியிராது. ஆயினும், எந்தத் திகதி, எந்தத் தோட்டம், எத்தனை ஆண்டுத் தொடர்வதிவு என்று எழுத்திலே மெய்ப்பிக்கும்படி கேட்கப்பட்ட மக்கள், அவ்வெழுத்துக்காகக் கிளாக்கரையும் பள்ளி வாத்தியாரையும் மனு எழுதுவோரையும் நம்பியே நின்றனர் என்பதை மறத்தலாகாது.

எழுத்தின் வலிமையை உணர்ந்தவர்களும் இம்மண்ணில் இருந்தனர். 1931 இல் ஹற்றனை நிலைக்களமாக்கித் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யர் தமிழிலே தொழிலாளியிடம் பேசினார். அவனுக்காக ஆங்கிலத்திலும் வாதாடினார். 1936 இல் ஹற்றன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்தபோது அவருக்கு அவ்விரு மொழியும் கைகொடுத்தன. சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தின் துயரை ஆங்கிலத்திலே பாடி உலகின் செவியிற் போட்டார். இவர்கள் கற்ற ஆங்கிலம் மாமாவுக்குக் கடிதம் எழுதும் ஆங்கிலமன்று.

இனி இலக்கணத்துக்கு வருவோம். அண்மைக் காலத்தில் ஹற்றனிலும் டிக்கோயாவிலும் சுவர்தோறும் 'ஸ்போக்கன் இங்கிலிஷ்' விளம்பரங்கள் ஒட்டப்படுகின்றன. இலக்கணம் வேண்டாம், பேசினாற் போதும் என்பதே அவ்வணிகத்தின் வேதவாக்கு. துரைமார் பங்களாவில் ஏவலுக்கு நிற்பவருக்கு அக்காலத்திலும் பேச்சு ஆங்கிலம் தெரிந்தேயிருந்தது. 'யெஸ் சேர்' என்பதில் இலக்கணப் பிழையில்லை, விடுதலையும் இல்லை. மறுபுறத்தே பாடசாலையில் இலக்கணம் என்ற பெயரால் வினைச்சொல்லின் மூன்று வடிவங்களை வாய்ப்பாடாக ஒப்புவிக்கச் செய்கின்றனர். முன்னது கடை, பின்னது சடங்கு.

தமிழ்ப் பிள்ளை 'ஹீ டீச்சர்' என்று எழுதினால் சிவப்பு மை பாய்கின்றது. அது மடமையால் வந்த பிழையன்று. 'அவர் ஆசிரியர்' என்ற தமிழ் வாக்கியத்துக்கு வினை வேண்டியதில்லை. பெயரே பயனிலையாக நின்று பொருளை முடித்துவிடும். ஆங்கிலமோ 'இஸ்' இன்றி நில்லாது. 'வந்தேன்' என்ற ஒரு சொல்லிலே ஆளும் காலமும் அடங்கியிருக்க, ஆங்கிலத்துக்கு 'ஐ' என்று ஆளைத் தனியே நிறுத்த வேண்டியிருக்கின்றது. 'தோட்டத்தில்', 'தோட்டத்துக்கு' என்று சொல்லின் பின்னே ஒட்டும் உருபு, ஆங்கிலத்திற் சொல்லின் முன்னே தனியே வந்து நிற்கின்றது. வேற்றுமை உருபைத் தமிழ்ப் பாடத்திற் படித்த பிள்ளைக்கு இதைச் சொல்ல அரை மணி நேரம் போதும். ஆங்கில ஆசிரியர் தமிழ் இலக்கணத்தைத் தீண்டார். தமிழாசிரியர் ஆங்கிலத்தை ஏறெடுத்தும் பாரார். இருவருக்குமிடையே பிள்ளை திகைத்து நிற்கின்றது. (பல்கலைக்கழகத்துக் கலைப்பீடத்திலும் இத்திகைப்பு நீடிக்கின்றதென்பது விரிவுரை மண்டபங்கள் அறிந்த இரகசியம்.)

இலக்கணம் வெறும் அலங்காரமன்று என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2016 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் நாளொன்றுக்கு 730 ரூபா என்று மேடைகளில் முழங்கப்பட்டது. அதன் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. எஞ்சியவற்றுள் 60 ரூபா வரவுக்கான ஊக்குவிப்பு. 140 ரூபா உற்பத்திக்கான ஊக்குவிப்பு. 30 ரூபா விலைப்பங்குக் கொடுப்பனவு. மாதத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து வீதமான நாட்கள் வேலைக்கு வந்தால் அறுபது. குறித்த அளவு கொழுந்து பறித்தால் நூற்றுநாற்பது. இரு நூறு ரூபா, 'இஃப்' என்னும் ஈரெழுத்து ஆங்கிலச் சொல்லில் தொங்கியது. நிபந்தனை வாக்கியம் என்று எட்டாம் வகுப்பிற் படிப்பிப்பது இதைத்தான். 'மழை பெய்தாற் குடை எடுப்பேன்' என்று பத்து முறை எழுதிய பிள்ளைக்குத் தன் தாயின் சம்பளமும் அதே இலக்கணத்திற் கட்டுண்டு கிடப்பதை எவரும் காட்டவில்லை. 'மே' என்றால் நிருவாகம் விரும்பினாற் கொடுக்கலாம். 'ஷல்' என்றாற் கொடுத்தேயாக வேண்டும். இவ்விரு துணைவினைகளின் வேறுபாட்டை அறிந்தவன் ஒப்பந்தத்தை வாசிப்பான், அறியாதவன் கைதட்டுவான். செயப்பாட்டுவினையும் அவ்வாறே. 'உமது பெயர் நீக்கப்பட்டுள்ளது' என்று வரும் கடிதத்தில் நீக்கியவர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று கேட்கத் தெரிந்த பிள்ளையே செயப்பாட்டுவினையைக் கற்ற பிள்ளை.

கடிதத்தின் வடிவமும் குற்றமற்றதன்று. 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று பிச்சை கேட்டுத் தொடங்கி, 'யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்' என்று அடிமைச் சாசனம் எழுதி முடிக்கும் மனு நடை, ஆண்டவர்கள் விட்டுச் சென்ற எச்சம். அவர்கள் நாட்டிலேயே அது வழக்கொழிந்து போயிற்று. எழுதிக் கொடுப்போரின் கையிலே மட்டும் அது இன்னும் சாகவில்லை. திகதி, முகவரி, விடயம், நடந்தது என்ன, வேண்டுவது என்ன, எந்நாளுக்குள் மறுமொழி வேண்டும் என்ற ஆறு செய்திகளை நேரிய வாக்கியங்களில் எழுதினாற் கடிதம் நிறைவுறும். அதன் படியொன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பேணவும் சேர்த்துக் கற்பிப்பின் அதுவே முழுமையான மொழிப்பாடம்.

பாடவிதானம் மாறும்வரை ஆசிரியர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வினாத்தாள் கடிதம் கேட்கின்றது. அக்கடிதம் எதைப் பற்றியதாயினும் பயிற்சி பயிற்சியே. டிக்கோயாவின் ஒரு வகுப்பறையில் இம்மாதம் மாமாவுக்கு எழுதும் கடிதத்தை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் தத்தம் வீட்டிலுள்ள சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, அதிலுள்ள ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் எழுதட்டும். பெயரும் முதலெழுத்தும் பிறப்புப் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கட்டும். ஒத்திராதவிடத்து நிருவாகத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அதிலுள்ள பிழைகளை ஆசிரியர் திருத்தட்டும். திருத்திய கடிதத்தைப் பிள்ளை தாய்க்கு வாசித்துத் தமிழிற் பொருள் சொல்லட்டும். அதன் பின்னர் அவள் கையொப்பமிடட்டும்.