துறவல்ல, தேய்மானம்

அண்மையில், கல்லூரி விடுமுறையில், நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன் நகரில் என் தம்பியின் வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். தாயாரும் இப்போது அங்கேதான் இருக்கிறார். அந்த ஆறு வாரமும் இரவு உணவு வேளையில் அவ்வீட்டில் பேசப்பட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான்: அடுத்து எந்தக் கார்? தம்பி மூன்றாண்டுகளுக்கு முன் லீஸில் எடுத்த ஜெர்மானியச் சொகுசுக் காரின் ஒப்பந்தம் முடியப் போகிறது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எடுப்பதா, வால்வோ எக்ஸ்சி90 எடுப்பதா, லெக்ஸஸ் ஆர்எக்ஸ் போதுமா, மின்காருக்கு மாறிவிடலாமா என்று நாளுக்கொரு கட்சி எழும், மறுநாள் விழும். வாசலில் நின்ற காரோ குறையேதுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. "இதையே வைத்துக்கொள்ளலாமே" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தம்பி, "லீஸ் முடியுதுல்ல அண்ணா?" என்றான். அதற்குமேல் காரணம் எதுவும் வேண்டியதில்லை என்பது போல.

அன்று விருந்துக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், நம் இலக்கியத்தில் நல்ல பயிற்சி உள்ளவர், இந்த வழக்கத்துக்கு ஒரு தத்துவமே வைத்திருந்தார். உடைமை என்பது பழைய உலகத்தின் சுமையாம். பயன்படுத்துவதே போதும், வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே புதிய ஞானமாம். மூன்றாண்டு ஓட்டினோம், சாவியைக் கொடுத்தோம், பற்றில்லாமல் வந்தோம். முல்லைக்குத் தேரை விட்டுவந்த பாரிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். மேசையில் இருந்தோர் சிரித்து ரசித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட இக்கருத்தை இப்போது படித்தவர் பலர் மெய்யாகவே நம்புகின்றனர். ஆகவே இது மறுக்கப்பட வேண்டியது என்பது என் துணிபு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'லீஸ்' என்ற ஒரே சொல்லைக் கொண்டு நாம் மூன்று வேறு பொருள்களைக் குழப்பிக்கொள்கிறோம். சென்னையில் வீட்டை லீஸுக்கு எடுத்தேன் என்று ஒருவர் சொன்னால், ஒரு பெருந்தொகையைக் கொடுத்துக் குடியிருந்துவிட்டு, வெளியேறும்போது அத்தொகையை முழுதும் திரும்பப் பெறுவார் என்று பொருள். நம் பழைய சொல்லில் அது ஒத்தி. நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது வேறு. உழுபவன் விளைச்சலில் பங்கு பெறுகிறான். அவன் எரு இட்ட மண் குறைவதில்லை, வளம் கூடுகிறது. அவனை எளிதில் வெளியேற்ற முடியாதபடி 1955ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டமும் வந்தது. அமெரிக்கக் கார் லீஸ் இவ்விரண்டில் எதுவும் அன்று. அதில் கொடுத்த பணம் திரும்புவதில்லை. பயன்படுத்தியவனுக்கு விளைச்சலும் இல்லை. அங்கே விலைக்கு விற்கப்படுவது கார் அன்று, காரின் தேய்மானம்.

இது அணியாகச் சொன்னது அன்று, கணக்கே அப்படித்தான். எளிமைக்காக முழு எண்களை வைத்துக்கொள்வோம். காரின் விலை 60,000 டாலர். 36 மாதம் கழித்து அதன் மதிப்பு 58 சதவீதம், அதாவது 34,800 டாலர் இருக்கும் என்று ஒப்பந்தம் போடும் நாளிலேயே எழுதிக்கொள்கிறார்கள். இதுவே எஞ்சுமதிப்பு. குறையப்போகும் 25,200 டாலரை 36 மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 700. இதன்மேல் நிதிக் கட்டணம். காரின் விலையையும் எஞ்சுமதிப்பையும் கூட்டி 'மணி ஃபேக்டர்' எனப்படும் ஒரு சிறு பின்னத்தால் பெருக்குவார்கள். அது 0.0025 என்றால் மாதம் 237 டாலர் ஆகிறது. 0.0025 என்பது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போல் தோன்றும். 2,400ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என்று புலப்படும். வட்டியை வட்டி என்று எழுதாமல் பின்னமாக எழுதுவதே ஓர் உரைநடை உத்தி. ஆக மாதம் 937 டாலர், வரி தனி. மூன்றாண்டில் ஏறத்தாழ 33,700 டாலர் கட்டியபின் கையில் மிஞ்சுவது அடுத்த காரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை.

எந்தக் காரும் தன் முதல் சில ஆண்டுகளில்தான் மிக வேகமாக மதிப்பிழக்கிறது. பிறகு சரிவு மெல்ல மெல்லத் தணிகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புது லீஸ் எடுப்பவர் மலையின் செங்குத்தான பகுதியை மட்டுமே திரும்பத் திரும்ப விலைகொடுத்து வாங்குகிறார். சமவெளிக்கு அவர் வருவதே இல்லை. அவர் இறங்கிப் போனபின் அந்தச் சமவெளியில் வேறொருவர் அதே காரைக் குறைந்த செலவில் இன்னும் ஆறேழு ஆண்டு ஓட்டுகிறார். பற்றில்லாதவர் இவ்விருவருள் யார்?

என் நண்பர் காட்டிய பாரிக்கு வருவோம். தனக்கு உரிமையானதையே ஒருவன் ஈய முடியும். பிறருடையதைக் கெடு முடிந்து திருப்பிக் கொடுப்பது ஈகை அன்று; கடமை. அதிலும் கீறலுக்கும் தேய்ந்த டயருக்கும் ஆள் வைத்துக் கணக்குப் பார்த்துத் திருப்பி வாங்குகிறார்கள். 2021ஆம் ஆண்டில் சில்லுத் தட்டுப்பாட்டால் அமெரிக்காவில் பழைய கார்களின் விலை ஏறியது நினைவிருக்கலாம். ஒப்பந்தத்தில் எழுதிய எஞ்சுமதிப்பைவிடச் சந்தை விலை பல ஆயிரம் டாலர் கூடுதலாக நின்றது. அப்போது லீஸ்காரர்கள் வெளியாருக்குக் காரை விற்று ஆதாயம் பார்க்க முனைந்தபோது, நிதி நிறுவனங்கள் பல அவ்வழியை அடைத்தன. கார் எவருடையது என்பது அன்று தெளிவாயிற்று. இன்னொன்றும் உண்டு. தேரை விட்டுவந்த பாரி, அடுத்த தேர் எது என்று யாரிடமும் கேட்டதாக எந்தப் பாட்டும் சொல்லவில்லை.

துறவு என்பது ஆசையின் முடிவு. லீஸ் என்பதோ ஆசைக்கு இடப்பட்ட கால அட்டவணை. இது தற்செயலாக வந்ததும் அன்று. ஹென்றி ஃபோர்டு 1922இல் வெளிவந்த தம் நூலில், தம்மிடம் ஒரு பொருளை வாங்கியவர் இன்னொன்றை வாங்கத் தேவையே இருக்கக் கூடாது என்னும் கருத்தை எழுதினார். 1908 முதல் 1927 வரை அவர் செய்த மாடல் டி ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வண்டிகள். அவரை வென்றது ஆல்ஃபிரட் ஸ்லோனின் ஜெனரல் மோட்டார்ஸ்; வென்ற வழி ஆண்டுதோறும் புதுத் தோற்றம். அந்நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் 1929இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, நுகர்வோரை நிறைவின்றி வைத்திருங்கள் என்று பொருள்படுவது. போட்டியாளர்கூடச் சொல்லத் தயங்கும் சொற்களை அவரே தலைப்பாக்கினார். பிறகு 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தம், சொந்தக் கார்க் கடனின் வட்டிக்கு இருந்த வரிச்சலுகையைப் படிப்படியாக நீக்கியது. கடனைவிட லீஸ் கவர்ச்சி பெற அதுவும் ஒரு காரணம். கெட்டரிங்கின் காலத்தில் விளம்பரத்தைப் பார்த்து நிறைவின்மை கொள்ள வேண்டியிருந்தது. இன்று அது ஒப்பந்தத்திலேயே தேதியிடப்பட்டிருக்கிறது.

இத்தனை சொல்லும் நீ என்ன ஓட்டுகிறாய் என்று கேட்பீர்கள். பதினொரு ஆண்டாக ஒரு மாருதியை ஓட்டுகிறேன்; வாங்கும்போதே அது இன்னொருவர் ஓட்டியது. என் மாணவர்களே அதைவிடப் பெரிய வண்டிகளில் வந்து இறங்கும்போது, கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்த நாட்கள் உண்டு. ஆகவே தம்பியின் ஆசை எனக்குப் புரியாதது அன்று. சொகுசுக் காரின் இருக்கையில் அமர்ந்தபோது என் முதுகும் அதை ஒப்புக்கொண்டது. என் வழக்கு சொகுசின்மேல் அன்று. சொகுசைத் துறவென்று பெயர் மாற்றி விற்பதன்மேல்தான்.

மறுதரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். சொந்தத் தொழில் நடத்துபவருக்கு லீஸ் கட்டணம் தொழிற்செலவாகக் கழியலாம். தொழில்நுட்பம் விரைந்து மாறும் மின்கார்களில், மதிப்பு வீழ்ச்சியின் இடரைப் பிறர் தலையில் வைப்பது அறிவுடைமையே. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு வழியால், லீஸில் எடுத்த மின்காருக்கு 7,500 டாலர் வரிச்சலுகை நிறுவனத்தின் வழியே வந்து சேர்ந்தது. 2025 செப்டம்பர் 30உடன் அது முடிந்துபோயிற்று. அக்காலத்தில் எடுத்த மின்கார்கள் பலவற்றுக்கு ஒப்பந்தத்தில் எழுதிய எஞ்சுமதிப்பு சந்தை விலையைவிடக் கூடுதல். அப்படிப்பட்டவர் சாவியைத் திருப்பிக் கொடுப்பதே சரி. வேண்டுமானால் அதே வகைக் காரைச் சந்தையில் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் என் தம்பி ஓட்டுவது பெட்ரோல் கார். அவனுக்குத் தொழிற்செலவும் இல்லை, மாதச் சம்பளம்.

இனி நான் இக்கட்டுரையை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். லீஸ் காருக்கு மைல் கணக்கு உண்டு. தம்பியின் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 10,000 மைல். மிஞ்சிய ஒவ்வொரு மைலுக்கும் 25 சென்ட். குறைவாக ஓட்டினால் பணம் திரும்பாது. கூடுதலாக ஓட்டினால் தண்டம். முன்பெல்லாம் ஆண்டுக்கொரு முறை அவர்கள் பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலுக்குப் போவது வழக்கம். 1970களில் எழுந்த கோயில். அமெரிக்காவில் எழுந்த முதற்கோயில்களுள் ஒன்று. போக வர ஏறக்குறைய 700 மைல். இம்முறை அம்மா, "ஒரு தடவை பிட்ஸ்பர்க் போயிட்டு வரலாமாடா?" என்று கேட்டார். தம்பி உடனே விடை சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்க் காரின் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தான். "பிரிட்ஜ்வாட்டர்லயே பாலாஜி கோயில் இருக்கேம்மா, பக்கத்துல" என்றான். அம்மா சரி என்றார். அவருக்கு வயது 74. அன்று மாலையே பிரிட்ஜ்வாட்டர் போய் வந்தோம், நல்ல தரிசனம்.

தம்பி கஞ்சன் அல்லன். அப்பாவின் மருத்துவச் செலவு முழுவதையும் ஒரு சொல் சொல்லாமல் ஏற்றவன். 700 மைலை 25 சென்டால் பெருக்கினால் 175 டாலர்; அதை அவன் ஒரு விருந்துக்கே செலவிடுவான். ஆயினும் பெற்ற தாய் கேட்டபோது அவன் கண் மீட்டரை நோக்கிப் போயிற்று. ஒப்பந்தம் அவனைப் பழக்கிவைத்திருக்கிறது. தன் வண்டியை ஓட்டுபவன் வழியைப் பார்க்கிறான். பிறர் வண்டியை ஓட்டுபவன் எண்ணைப் பார்க்கிறான். இதைத்தான் என் நண்பர் பற்றின்மை என்கிறார்.

கெடு நெருங்க நெருங்க அழைப்புகள் வருகின்றன. அதே நிறுவனத்தில் புதிய காரை எடுத்தால், பழையதைத் திருப்பி ஒப்படைக்கும் கட்டணம் தள்ளுபடியாம். சில நூறு டாலரைத் தள்ளி, இன்னொரு முப்பதாயிரத்துக்குக் கையொப்பம் கேட்பது இது. கள்ளுண்டு மகிழ்ந்திருக்கும் வேளையில் தேரைக் கொடுப்பது யாருக்கும் எளிது. உண்ணாத தெளிவில் கொடுப்பவன் மலையன் என்னும் பொருளில் புறநானூற்றில் கபிலர் பாடியிருக்கிறார். கொடுப்பதற்கே தெளிவு வேண்டும் என்றால், வாங்குவதற்கு எவ்வளவு வேண்டும்! விற்பனைக்கூடத்தில், புதுத் தோலின் மணத்தில் நின்றுகொண்டு முடிவெடுக்கக் கூடாது. வீட்டில், பழைய காரின் அருகில் நின்று எடுக்க வேண்டும். அதன் எஞ்சுமதிப்பு என்ன, சந்தை விலை என்ன, நம்பகமான மெக்கானிக் ஒருவர் பார்த்து என்ன சொல்கிறார் என்ற மூன்று கேள்விகள் போதும். இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் ஒத்துவந்தால் அதையே வாங்கிவிடலாம். முதல் மூன்றாண்டில் அது எப்படி ஓட்டப்பட்டது என்று ஐயுற வேண்டியதில்லை; ஓட்டியவர் நாமே. அதன் விலைமிக்க சரிவுக்கு ஏற்கெனவே பணம் கட்டியவரும் நாமே.

'அடுத்து எது?' என்ற கேள்வி, அடுத்தது ஒன்று வேண்டும் என்பதைத் தனக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு வருகிறது. கற்றவர் செய்ய வேண்டியது கேள்விக்கு விடை தேடுவதற்கு முன் கேள்வியைச் சோதிப்பது. நாமோ அதற்குப் பாரியையும் துறவையும் துணைக்கு அழைத்து அணிந்துரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதைத் தம்பியும் படிப்பான். அவனுக்கு ஒரு வார்த்தை: ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கணக்கை நாம் சேர்ந்தே போட்டோம். எண்கள் உனக்குத் தெரியும். வாசலில் நிற்பதையே வாங்கிக்கொள். வாங்கிய வாரமே அம்மாவைப் பிட்ஸ்பர்க்குக்கு அழைத்துப் போ.