பச்சைக் குழந்தைகளுக்குப் பரீட்சையா?

பத்து வயதுக் குழந்தையைப் பெஞ்சியில் உட்கார வைத்து, கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, அது இரண்டு மணி நேரத்தில் எழுதுகிற நாலு பக்கத்தைக் கொண்டு, மேலே படிக்க அதற்கு யோக்கியதை உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதை, மேதாவிகள் என்று சொல்லிக் கொள்ளுகிறவர்கள் "கல்வித் தரத்தை உயர்த்துவது" என்கிறார்கள். இது தரத்தை உயர்த்துகிற காரியமா, அல்லது ஆளைக் கழித்துக் கட்டுகிற காரியமா என்பதைக் கண்டமங்கலம் வட்டாரத்துத் தோழர்கள் நன்றாய் யோசித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம்.

முதலில் நடந்த சங்கதியைச் சொல்லுவோம். 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம், எட்டாம் வகுப்பு முடிகிற வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாதென்று சொல்லிற்று. 2019-ல் மத்திய சர்க்கார் இந்தச் சட்டத்தைத் திருத்தி, 5-ம் வகுப்பிலும் 8-ம் வகுப்பிலும் பரீட்சை வைத்து, தேறாதவர்களை நிறுத்தி வைக்க அந்தந்த சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. இஷ்டமானால் நிறுத்தி வைக்கலாம் என்றுதான் திருத்தம் சொல்லிற்றேயொழிய, நிறுத்தி வைத்தே தீர வேண்டுமென்று சொல்லவில்லை. அப்படியிருந்தும் அன்றைய தமிழ்நாட்டு சர்க்கார் 13-9-2019-ல் அவசர அவசரமாக, இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வு என்று உத்தரவு போட்டது. உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் பல கட்சியாரும் நாடெங்கும் கண்டித்த பிறகு, 4-2-2020-ல் அந்த உத்தரவு ரத்தாயிற்று. கூச்சல் போடாதிருந்தால் ரத்தாகியிருக்குமா?

அதோடு விட்டார்களா? 2020-ம் வருஷத்து தேசியக் கல்விக் கொள்கையில் 3, 5, 8 ஆகிய மூன்று வகுப்புகளுக்குத் தேர்வு என்று எழுதினார்கள். 2024 டிசம்பரில் விதி செய்து, தேறாத பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் மறுபரீட்சை, அதிலும் தவறினால் அதே வகுப்பு என்றார்கள். தமிழ்நாடு இதை ஏற்க மறுத்தது. 8-8-2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் இந்த மூன்று வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வு கூடாதென்றே சொல்லிற்று. தேசியக் கொள்கையோடு சேர்ந்த திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024-25-க்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வர வேண்டிய 2152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்த கதையும் வாசகர்களுக்குத் தெரியும்.

நிற்க, இந்தப் பரீட்சையில் தவறப் போகிறவர்கள் யார்? வக்கீல் வீட்டுப் பிள்ளை தவறாது. அதற்கு வீட்டிலே தகப்பன் ஒரு வாத்தியார், தாய் ஒரு வாத்தியார், போதாததற்குச் சம்பளத்துக்கு ஒரு வாத்தியார். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போய் நாலு மாதம் கழித்துத் திரும்புகிறவனுடைய பிள்ளை தவறும். ஐந்து வகுப்புக்கு இரண்டே உபாத்தியாயர்கள் இருக்கிற ஈராசிரியர் பள்ளியில் படிக்கிற பிள்ளை தவறும். ஆக, தவறுவது கூலிக்காரனுடைய வறுமையும் சர்க்காரின் அலட்சியமும். தண்டனையோ பத்து வயதுக் குழந்தைக்கு! இது என்ன நியாயம்?

பெயிலான பிள்ளை மறு வருஷம் தன் தம்பி தங்கையோடு ஒரே பெஞ்சியில் உட்கார வேண்டும். ஊரார் கேலி பேசுவார்கள். பையனானால் ஒர்க்‌ஷாப்புக்கோ மாடு மேய்க்கவோ போவான். பெண்ணானால் கைக்குழந்தையைப் பார்த்துக் கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டு, சில வருஷத்தில் கல்யாணம் என்ற பேரால் கை கழுவப்படுவாள். தாய் தகப்பன் என்ன சொல்லுவார்கள்? "நம்ம புள்ள தலையெழுத்து அவ்வளவுதான்" என்பார்கள். தலையெழுத்து என்ற புரட்டை ஒழிக்க நாம் இத்தனை வருஷம் பாடுபட்டிருக்க, அதே தலையெழுத்துக்கு சர்க்கார் முத்திரை குத்தி, மார்க் ஷீட் என்று பேர் வைத்துக் கொடுப்பதா? (பெரிய பிள்ளைகளின் பரீட்சைக்கே திருவந்திபுரத்து ஹயக்கிரீவர் முன் பேனாவை வைத்து எடுக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தால் அங்கே இன்னும் கூட்டம் சேரும், அர்ச்சகருக்கு லாபம்.)

1953-ல் ஆச்சாரியார், பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம் போதும், மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைப் படிக்கட்டும் என்று திட்டம் போட்டார். நாடே எதிர்த்தது, 1954-ல் அது ஒழிந்தது. அவர் உள்ளதை வெளிப்படையாய்ச் சொன்னார். இப்பொழுது சொல்லாமலே பிள்ளை தகப்பன் தொழிலுக்குப் போய்ச் சேருகிற வழி கண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"பரீட்சை இல்லாவிட்டால் பிள்ளைகள் படிக்குமா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டக் கூடத் தெரியவில்லையே" என்று நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தடையில்லாமல் வாசிக்க முடியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏராளம் என்பது மெய்தான். இதை மறைப்பதால் நமக்கு லாபமில்லை. ஆனால் பயிர் விளையாவிட்டால் குடியானவன் நாற்றை உதைப்பானா, அல்லது தண்ணீர் பாய்ந்ததா, எரு விழுந்ததா என்று பார்ப்பானா? இரண்டாம் வகுப்பிலேயே கண்டு பிடித்துச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய குறையை ஐந்தாம் வகுப்பு முடிவில் பெயில் போட்டுக் கண்டு பிடிப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? உபாத்தியாயர் வாரந்தோறும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்கிறோம். அது சொல்லிக் கொடுப்பதற்காகச் செய்கிற சோதனை. மற்றது தள்ளுவதற்காகச் செய்கிற சோதனை. நம் ஜில்லாவின் முதலியார்குப்பத்தில் 27-10-2021-ல் துவக்கிய "இல்லம் தேடிக் கல்வி" பிள்ளை இருக்கிற தெருவுக்கே போய்ச் சொல்லிக் கொடுப்பதற்கென்று ஏற்பட்டது. பணமும் ஆளும் போட வேண்டியது அந்த வழியில்.

வெள்ளைக்காரன் இதைச் செய்து பார்த்துக் கை சுட்டுக் கொண்டவன்தான். இங்கிலாந்தில் 1862-ல், பிள்ளைகளைப் பரீட்சித்து அதற்குத் தக்கபடியே பள்ளிக்கு மானியம் என்று வைத்தார்கள். உபாத்தியாயர்கள் புத்தகத்தை மனப்பாடம் செய்விக்க ஆரம்பித்தார்கள். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அதைக் கைவிட்டார்கள். பின்னால் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த தேசியத் தேர்வையும் 2023-24 முதல் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

ஒரு சங்கதியை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். கொள்கை என்பது சட்டமல்ல. மந்திரிசபைகள் வரும், போகும். 2019-ம் வருஷத்துத் திருத்தம் இருக்கிற வரையில், எந்த மந்திரிசபையும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இந்தப் பரீட்சையைத் திரும்பக் கொண்டு வரலாம். ஆகவே எட்டாம் வகுப்பு வரையில் பொதுத் தேர்வும் கிடையாது, நிறுத்தி வைப்பதும் கிடையாது என்று நம் சட்டசபையிலேயே சட்டம் செய்து விட வேண்டுமென்று கேட்கிறோம். கண்டமங்கலம் ஒன்றியத்துத் தோழர்கள் ஊர்தோறும் கூட்டம் போட்டு இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றி, தங்கள் சட்டசபை மெம்பருக்கு அனுப்ப வேண்டும். அதோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தாய்மார்களையும் அழைத்துக் கொண்டு போய், நம் பள்ளியில் எத்தனை வகுப்புக்கு எத்தனை உபாத்தியாயர், மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக் கொண்டு வர வேண்டும்.