பெயர் மட்டும் மிஞ்சிய குழு

கடந்த பருவத்தில் எங்கள் கல்லூரிக் குறும்படக் குழு இரண்டாக உடைந்தது. ஒளிப்பதிவு தெரிந்தவரும் படத்தொகுப்பு தெரிந்தவரும் ஒன்றாக விலகித் தனிக்குழு தொடங்கினார்கள். எஞ்சிய எங்கள் மூவரிடம் இருந்தவை குழுவின் பெயர், பாதி எடுத்த படம், ஒப்படைக்க வேண்டிய தேதி ஆகியவைதான். வீட்டுக்கு வந்திருந்த மாமாவிடம் புலம்பினேன். அவர் 80களில் இடைநிலைப்பள்ளியில் படித்தவர். அந்தக் காலத்து ஆங்கில கேசட்டுகளை இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். “ஹியூமன் லீக், ஹெவன் 17 சண்டை தெரியுமா உனக்கு?” என்றார்.

தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு மாமாவும் நானும் எதிரெதிர்க் கட்சியாகிவிட்டோம்.

இரண்டுமே சிந்த்பாப் குழுக்கள். கிட்டாரை ஓரங்கட்டிவிட்டு, சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியை நடுவில் வைத்த இசை அது. இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் என்ற இரு கணினி இயக்குநர்கள் இதைத் தொடங்கினார்கள். பாடுவதற்கு அவர்கள் முதலில் நினைத்த கிளென் கிரெகரி அப்போது கிடைக்கவில்லை. அதனால் 1977இல் வேர் தன் பள்ளித் தோழர் பில் ஓக்கியைத் தேடிப் போனார். வீட்டில் ஆள் இல்லை. குழுவில் சேர விருப்பமா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கதவில் வைத்துவிட்டு வந்தார். ஓக்கி மருத்துவமனையில் சுமைதூக்கும் ஊழியர். எந்தக் குழுவிலும் பாடிய அனுபவம் இல்லாதவர்.

ஹியூமன் லீக் என்ற பெயரில் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. பெரிய வெற்றி இல்லை. 1980 அக்டோபரில், இசைப் பயணம் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது குழு உடைந்தது. இசை தெரிந்த வேரும் மார்ஷும் வெளியேறினார்கள். பெயர் ஓக்கியிடம் நின்றது. கூடவே கடனும், ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளும். அவருடன் எஞ்சிய ஏட்ரியன் ரைட் மேடையில் படவில்லைகள் காட்டியவர். ஒரு பாடகர், ஒரு படம் காட்டுபவர், ஒரு பெயர்! இதைக் கேட்டதும் எங்கள் மூவரின் முகமும் என் நினைவுக்கு வந்தது.

ஓக்கி என்ன செய்தார்? ஷெஃபீல்டில் ஓர் இரவு விடுதியில் நடனமாடிக்கொண்டிருந்த இரண்டு மாணவிகளைத் தன் குழுவில் சேரும்படி கேட்டார். ஜோஆன் கேத்தராலுக்கு வயது 18, சூசன் ஆன் சல்லிக்கு 17. நம் கணக்கில் ஆறாம் படிவம். முன்னனுபவம் இருவருக்கும் இல்லை. அந்தப் பயணத்தில் ஒரு நிகழ்ச்சியைப் பார்க்க அவர்கள் ஏற்கெனவே டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். கடைசியில் அதே பயணத்தில் மேடை ஏறினார்கள். பழைய குழுவை எதிர்பார்த்து வந்த ரசிகர்களில் சிலர் கூச்சலிட்டுக் கேலி செய்ததையும் தாங்கிக்கொண்டார்கள்.

விலகியவர்கள், இம்முறை கிடைத்துவிட்ட கிளென் கிரெகரியைச் சேர்த்துக்கொண்டு ஹெவன் 17 ஆனார்கள். தொடக்கத்தில் இரு தரப்பும் ஷெஃபீல்டின் ஒரே ஒலிப்பதிவுக்கூடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்குக்கூட வசதியில்லாத நிலைமை!

1981 செப்டம்பரில் ஹெவன் 17இன் ‘பென்ட்ஹவுஸ் அண்ட் பேவ்மென்ட்’ வந்தது. அடுத்த மாதம் ஹியூமன் லீக்கின் ‘டேர்’. முன்னது பிரிட்டிஷ் பட்டியலில் 14ஆம் இடம் வரை போனது, பின்னது முதலிடம். ‘டேர்’ தொகுப்பின் கடைசிப் பாடலான ‘டோன்ட் யூ வான்ட் மீ’ அந்த ஆண்டு கிறிஸ்துமஸின்போது பிரிட்டனிலும், 1982இல் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அதைத் தனிப்பாடலாக வெளியிடவே வேண்டாம் என்று ஓக்கி எதிர்த்தார் என்பது வேடிக்கை. நிறுவனம்தான் பிடிவாதமாக வெளியிட்டது.

மாமாவின் வாதம் இது: விற்பனையை வைத்து முடிவு சொல்லாதே. உண்மையான கலைஞர்கள் ஹெவன் 17தான். இனவெறிக்கும் பாசிசத்துக்கும் எதிராக அவர்கள் பாடிய முதல் பாடலை பிபிசி தடை செய்தது. 1983இல் ‘டெம்ப்டேஷன்’ இரண்டாம் இடம் வரை வந்தது. அதே ஆண்டில் டினா டர்னரை மீண்டும் வெற்றிப் பாதைக்குக் கொண்டுவந்த பாடலைத் தயாரித்தவர்களில் மார்ட்டின் வேரும் ஒருவர். “ஓக்கியால் இதெல்லாம் முடியுமா?”

முடியாது. இசையறிவில் வேர்தான் பெரியவர் என்பதை நானும் ஏற்கிறேன். நடனமாட ஹெவன் 17 தட்டையே நானும் எடுப்பேன். ஆனாலும் என் ஓட்டு ஹியூமன் லீக்கிற்குத்தான். தன்னால் எது முடியாது என்று ஓக்கிக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஆள்களைத் தேடிப் போனார். தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட் வந்தார். வேறொரு குழுவில் கிட்டார் வாசித்த ஜோ காலிஸ் வந்து, சிந்தசைசரைப் புதிதாகக் கற்றுக்கொண்டு, அந்த வெற்றிப் பாடலை எழுதியவர்களில் ஒருவரானார். ‘டோன்ட் யூ வான்ட் மீ’யில் சூசனின் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். பயிற்சி பெற்ற பாடகியின் குரல் அல்ல அது. பக்கத்து வீட்டுப் பெண் எதிர்த்துப் பேசுவதைப் போல இருக்கிறது. பாடல் நிற்பதே அதனால்தான்.

“அப்படியென்றால் வெற்றி ரஷன்டுடையது, ஓக்கியுடையது அல்ல” என்று மாமா மடக்கினார். ஓரளவு உண்மைதான். அடுத்த தொகுப்பின் பாதியில் ரஷன்ட் விலகினார். 1984இல் வந்த அந்தத் தொகுப்பு ‘டேர்’ அளவுக்கு எடுபடவில்லை. பிறகு ஓக்கி அமெரிக்கா வரை போய், ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் என்ற தயாரிப்பாளர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1986இல் ‘ஹியூமன்’ பாடல் அமெரிக்காவில் முதலிடம். இது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது என்றேன். மாமா தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா எனப் புரியாத மாதிரி.

எங்கள் படம்? நாங்களும் ஆள் தேடிப் போனோம். தன் அண்ணனின் திருமண வீடியோ தொழிலில் கைகொடுக்கும் முதல் பருவ மாணவி ஒருவர் படத்தொகுப்புக்கு வந்தார். எங்களைவிட இளையவரிடம் “இதை எப்படிச் செய்வது?” என்று கேட்க முதல் வாரம் கூச்சமாக இருந்தது. உரிய தேதியில் படத்தை ஒப்படைத்துவிட்டோம். விலகிய நண்பர்களின் படத்தையும் பார்த்தேன். ஒளிப்பதிவு எங்களுடையதைவிடச் சுத்தம். அதை அவர்களிடமே சொன்னேன். மதிப்பெண் இன்னும் வரவில்லை.

மாமா தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. ‘பென்ட்ஹவுஸ் அண்ட் பேவ்மென்ட்’ கேசட்டை என்னிடம் கொடுத்து, இரண்டாம் பக்கத்தையும் முழுதாகக் கேட்ட பிறகு பேசு என்று சொல்லியிருக்கிறார். இப்போது கேசட் பிளேயருக்கு எங்கே போவது என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.