பென்சிலுக்கு முன்னே பேச்சு

சில ஆண்டுகளுக்கு முன்பு, உறவினர் ஒருவர் தம் பேத்தியை எல்.கே.ஜி. வகுப்பில் சேர்க்கச் சென்றபோது நானும் உடன் சென்றிருந்தேன். குழந்தைக்கு மூன்றரை வயது. நேர்காணல் அறையில் அவளிடம் ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். அவள் மேசையருகே இருந்த மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இந்த மீன் எப்போ தூங்கும்?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. "வீட்டில் இன்னும் கொஞ்சம் பயிற்சி கொடுத்து அழைத்து வாருங்கள்" என்ற அறிவுரையோடு எங்களை அனுப்பிவைத்தார்கள்.

அந்தக் கேள்வியைத் தவிர வேறென்ன ஆதாரம் வேண்டும், ஒரு குழந்தை பள்ளிக்குத் தயாராகிவிட்டது என்பதற்கு? உற்றுநோக்குகிறாள், வியக்கிறாள், முன்பின் அறியாதவர்களிடம் முழு வாக்கியத்தில் கேட்கிறாள். ஆனால், எழுத்துகளை ஒப்பிப்பதே தகுதி என்று நாம் முடிவுகட்டிவிட்டோம்.

மழலையருக்கு நுழைவுத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று யஷ்பால் குழு 1993-ஆம் ஆண்டே பரிந்துரைத்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் சேர்க்கையின்போது குழந்தைகளைச் சலித்தெடுப்பதைத் தடை செய்கிறது. ஆயினும், அச்சட்டம் தரும் உரிமை ஆறு வயதில் தொடங்கி பதினான்கு வயதில் முடிகிறது. மூன்று வயதுக் குழந்தை அந்த வேலிக்கு வெளியேதான் நிற்கிறது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம், ஆறு வயதுக்கு உட்பட்டோரின் பராமரிப்பையும் கல்வியையும் 45-ஆவது பிரிவில் அரசின் வழிகாட்டு நெறியாக வைத்ததே தவிர, உரிமையாக்கவில்லை.

பள்ளிக்குத் தயாராதல் என்பது என்ன? பிறர் பேசுவதைக் கேட்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, பசியையும் வலியையும் சொல்லத் தெரிவது, அம்மாவைப் பிரிந்து சில மணி நேரம் அச்சமின்றி இருப்பது. புளியங்கொட்டைகளைப் பிரித்து அடுக்கும்போது குழந்தை எண்ணக் கற்கிறது. மண்ணைப் பிசையும்போதும் மணி கோக்கும்போதும் விரல்கள் எழுதப் பழகுகின்றன. மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளில் பெரும்பாலானவை மூன்று வயதில் இன்னும் குருத்தெலும்பு நிலையிலேயே இருக்கின்றன. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டை நிரப்பச் சொல்வது கல்வியாகாது.

இது வெறும் உணர்ச்சிவயப்பட்ட பேச்சன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி ஆய்வு, வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 கறுப்பினக் குழந்தைகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு மட்டும் தரமான முன்பருவக் கல்வி கிடைத்தது. என்ன செய்யப் போகிறோம் என்று தாமே திட்டமிட்டு, செய்து, பிறகு அதைப் பற்றிப் பேசுவதே அங்கு பாடம். நுண்ணறிவுத் தேர்வில் அக்குழந்தைகள் பெற்ற கூடுதல் மதிப்பெண் சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ஆனால், நாற்பது வயதில் அவர்களிடையே வேலையில் இருந்தோர் அதிகம்; வருவாய் அதிகம்; குற்ற வழக்குகள் குறைவு. நிலைத்தது மதிப்பெண் அல்ல, பண்பு. பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இத்தரவுகளை ஆராய்ந்து வலியுறுத்துவதும் இதைத்தான்.

தமிழகத்துக்கு இது புதிய பாடமும் அன்று. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். 1907-இல் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். இன்று அவர் பெயரைத் தாங்கிய பலகைகள் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லவர்களின் தெருக்களில்தான் தொங்குகின்றன.

ஏழைக் குழந்தைக்கு நாம் வைத்திருப்பது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ், தமிழகத்தில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. விளையாட்டும் பாட்டும் கதையுமாக அமைந்த பாடத்திட்டம் அங்கே உண்டு. தனியார் பள்ளி பெருங்கட்டணம் வாங்கிக்கொண்டு தரத் தவறுவது, கொள்கையளவில் இங்கே இலவசமாக இருக்கிறது.

கொள்கையளவில் என்று சொல்லக் காரணம் உண்டு. எங்கள் தெருவின் அங்கன்வாடிப் பணியாளர் எடை பார்க்கிறார், சத்துமாவு வழங்குகிறார், கைப்பேசிச் செயலியில் விவரங்களைப் பதிவேற்றுகிறார், தடுப்பூசிக்குத் தாய்மார்களை அழைக்கிறார், வாக்காளர் பட்டியல் பணிக்கும் செல்கிறார். இவற்றுக்கு நடுவே கதை சொல்ல அவருக்கு நேரம் ஏது? எனவேதான், எங்கள் பகுதியில் வீட்டு வேலை செய்யும் ஒரு தாய், கடன் வாங்கியாவது தன் மகனை மூன்று வயதில் ஆங்கில எல்.கே.ஜி.யில் சேர்க்கிறார். "அங்க சோறுதான் போடுறாங்க, இங்கதான் எழுத வைக்கிறாங்க" என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2019-இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசு தொடங்கியது. 2022-இல் அவற்றை நிறுத்துவதாகச் செய்தி வந்தபோது எழுந்த எதிர்ப்பால், வகுப்புகள் தொடரும் என்று அறிவிக்க நேர்ந்தது. பெற்றோரின் வேட்கைக்கு அதுவே சான்று. அந்த வேட்கைக்குப் பெயர்ப்பலகை மாற்றம் விடையாகாது. தேவை, மையம்தோறும் கற்பித்தலை மட்டுமே கவனிக்கும் பயிற்சி பெற்ற இரண்டாவது ஆசிரியர். அவருக்கு நிலையான, மதிப்பான ஊதியம். கல்வி உரிமையை மூன்று வயதிலிருந்து தொடங்கச் செய்யும் சட்டத் திருத்தமும் தேவை. தனியார் மழலையர் வகுப்புகளில் நேர்காணலும் எழுத்துத் திணிப்பும் நிற்க அதுவே வழி.

பெற்றோருக்கும் ஒரு சொல். மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையிடம், "இன்று என்ன எழுதினாய்?" என்று கேட்பதை விடுத்து, "இன்று என்ன கேட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பேத்தி இப்போது நான்காம் வகுப்பில் படிக்கிறாள். எழுத்துகள் அனைத்தும் உரிய வயதில் தாமாகவே வந்துவிட்டன. மீன் எப்போது தூங்கும் என்று மட்டும் அதன்பிறகு அவள் எங்களிடம் கேட்டதில்லை.