வேலை உண்டு, வாடகைக்கு வீடு இல்லை

கொச்சி மெட்ரோ, பக்கத்து ஊரான ஆலுவாவிலிருந்துதான் புறப்படுகிறது. 2017 ஜூன் 17-ஆம் தேதி அங்கிருந்து பாலாரிவட்டம் வரை 13 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டபோது, ரயிலைவிட அதிகமாகப் பேசப்பட்டவர்கள் கேரள அரசின் மகளிர் திட்டமான குடும்பஸ்ரீ மூலம் அதில் வேலைக்கு எடுக்கப்பட்ட 23 திருநர்கள். ஒரு வாரம் போவதற்குள் எட்டுப் பேர் வேலையை விட்டார்கள். கையில் அரசு நிறுவனத்தின் வேலை இருந்தும் குடியிருக்க வீடு கொடுக்க ஆளில்லை. லாட்ஜில் தினவாடகை கொடுத்தே சம்பளம் கரைந்தது.

சமத்துவம் பற்றி எந்த நகராட்சி தீர்மானம் போட்டாலும் எனக்கு அந்த எட்டுப் பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். ராத்திரி எங்கே படுப்பது, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது, விலாசம் என்று எதை எழுதுவது? ஓர் ஊர் தன்னை நம்பி வந்தவரைச் சேர்த்துக்கொண்டதா இல்லையா என்பது இந்த மூன்று கேள்விகளில் தெரிந்துவிடும். மூன்றுமே உள்ளாட்சியின் கைக்கு எட்டுகிற காரியங்கள்.

ஆலுவாவுக்கு இதில் தனிக் கடமை உண்டு. பெரியாற்றங்கரையில் 1913-இல் நாராயண குரு நிறுவிய அத்வைத ஆசிரமத்தில், 1924 சிவராத்திரியை ஒட்டி சர்வ மத மாநாடு கூடியது. தலைமை ஏற்றவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த டி. சதாசிவ ஐயர். வாதாடி வெல்ல வேண்டாம், அறிந்துகொள்ளவும் அறிவிக்கவும் கூடுவோம் என்பதே குரு வைத்த விதி. அதே ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது. அன்று சாதி கேட்டுத் தெருவில் ஆளை நிறுத்தினார்கள். இன்று ஆதார் அட்டையில் எந்த மாநிலம் என்று பார்த்து வீட்டு வாசலில் நிறுத்துகிறார்கள்.

அதிகாலையில் ஆலுவா ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த ரயில்கள், தோளில் ஒரு பையும் கையில் சுருட்டிய போர்வையுமாக இளைஞர்களை இறக்கிவிட்டுப் போகும். பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்கும் எடயார் தொழிற்பேட்டைக்கும் கொச்சியின் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். அசாம்காரரோ ஒடியாக்காரரோ, ஊரார் வாயில் எல்லாரும் 'பெங்காலி'. ஒரு தலைமுறைக்கு முன்பு அந்த இடத்தில் தமிழர்களான நாம் இருந்தோம். நமக்கு வைத்த பெயர் 'பாண்டி'.

கேரள அரசு இவர்களை 'அதிதி தொழிலாளி' என்கிறது. மரியாதையான சொல்தான். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதும் நமக்குத் தெரியும். 2013-லேயே குலாட்டி நிதி, வரி நிறுவனத்தின் ஆய்வு இவர்களின் எண்ணிக்கையை 25 லட்சம் என்று மதிப்பிட்டது. பத்துப் பதினைந்து வருடமாக இருப்பவரை இன்னும் எத்தனை நாள் விருந்தாளி என்பது? விருந்தாளிக்கு வார்டு சபையில் நாற்காலி கிடையாது, ஓட்டும் கிடையாது. ஓட்டில்லாதவர் அறையில் தண்ணீர் வராவிட்டால் கவுன்சிலருக்குப் போன் வருவதில்லை. வில்லிங்டன் தீவை ஒட்டிய வாத்துருத்தியில் குடியேறிய தமிழர்களும் இப்படித்தான் இருந்தார்கள். ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வந்த பிறகு, தேர்தல் சமயத்தில் அங்கே தமிழில் ஓட்டுக் கேட்கிறார்கள்.

2023 ஜூலையில் ஆலுவாவில் இப்படி வந்த குடும்பம் ஒன்றின் ஐந்து வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். கொன்றவனும் வெளிமாநிலத்தவன். ஊரே துடித்தது. அடுத்த மாதமே தொழிலாளர் துறை எல்லாத் தொழிலாளரையும் இணையத்தில் பதிவு செய்யத் தொடங்கியது. பதிவு வேண்டியதுதான். அதே வேகத்தில் இந்தத் தொழிலாளர் குடியிருக்கும் தெருக்களில் வளரும் மற்றக் குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகங்கள் திறக்கப்பட்டிருக்க வேண்டும். பயந்துபோன ஊருக்கு முதலில் தோன்றியது கணக்கெடுப்பு.

வழி தெரியவில்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. ஆலுவாவுக்குப் பக்கத்தில் பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் 2017-லேயே 'ரோஷ்ணி' என்ற முயற்சி தொடங்கியிருந்தது. எடயார் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் பள்ளியில் சேர்வார்கள். மலையாளம் புரியாமல் சில மாதத்தில் நின்றுவிடுவார்கள். ஆகவே வகுப்புக்கு முன்பாக ஒன்றரை மணி நேரம் அவர்களுடைய மொழியில் பேசி, அதன் வழியாக மலையாளத்துக்கு அழைத்துப் போனார்கள். இந்தியும் வங்காளமும் ஒடியாவும் தெரிந்த பெண்கள் சொல்லிக் கொடுத்தார்கள். காலைப் பலகாரமும் உண்டு. பசியோடு வரும் பிள்ளைக்கு எந்த மொழியிலும் பாடம் ஏறாது. எர்ணாகுளம் மாவட்டப் பள்ளிகள் பலவற்றுக்கு அது பரவியதில் பிபிசிஎல் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதிக்குப் பெரிய பங்கு இருந்தது. என்னை உறுத்துவது அதுதான். கம்பெனி மனம் வைத்துக் கொடுக்கும் காசில் ஒரு குழந்தையின் படிப்பு ஏன் ஓட வேண்டும்? அங்கன்வாடி, ஆரம்பப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றும் கேரளத்தில் தொண்ணூறுகளிலேயே உள்ளாட்சியிடம் வந்துவிட்டன.

வந்தவருக்கு இடம் கொடுப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கொச்சியின் மட்டாஞ்சேரியைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் கொங்கணி, குஜராத்தி, கச்சி மேமன், யூதர் என்று அடுக்குவார்கள். அந்தப் பன்மை தானாக முளைக்கவில்லை, யாரோ இடம் கொடுத்தார்கள். 1568-இல் யூதர்களின் ஜெபாலயம் எழுந்தது கொச்சி அரசர் கொடுத்த நிலத்தில், அரண்மனைக் கோயிலுக்குப் பக்கத்தில். அதன் பெயரே 'பரதேசி' ஜெபாலயம். வெளிதேசத்தார் என்ற பெயரோடே ஊரின் நடுவில் இடம் கிடைத்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தின் அருகே, தமிழ் பேசும் வண்ணார்களின் தோபிகானா. டச்சுப் படையின் துணி வெளுக்க வந்தவர்களின் வழி வந்தோம் என்பார்கள். 1976-இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் அவர்களுக்குத் தொட்டிகளும் துவைகல்லுமாகக் கட்டிக் கொடுத்தது. உள்ளே போனால் கஞ்சி வாடை. வெளியே இரட்டைக் கயிற்றை முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணி முனையைச் செருகிக் காயப்போட்டிருக்கிறார்கள். எத்தனை காற்றடித்தாலும் கிளிப் வேண்டியதில்லை. தண்ணீரும் கல்லும் ஒரு கூரையும் கிடைத்ததால் ஒரு தொழில் அரை நூற்றாண்டாக நிற்கிறது.

இதையே இன்று வந்திறங்குகிறவர்களுக்குச் செய்யலாம். பாலக்காட்டுக் கணவாயில், கோயம்புத்தூர்க்காரர்கள் தினமும் கடக்கும் கஞ்சிக்கோட்டில், 620 தொழிலாளர் தங்கும் 'அப்னா கர்' விடுதியைக் கேரள அரசு 2019-இல் திறந்தது. கொச்சி மாநகராட்சி 2021-இல் பத்து ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 'சம்ருத்தி' உணவகத்தைக் குடும்பஸ்ரீ பெண்களிடம் கொடுத்தது. பிறகு பெண்களுக்கு மலிவு வாடகையில் 'ஷீ லாட்ஜ்' திறந்தது. கட்டவும் நடத்தவும் தெரிந்த மாநிலம் இது.

ஆலுவா நகராட்சி 1921-இல் பிறந்தது. பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். 2011 கணக்கெடுப்பில் மக்கள் 22,428 பேர். இந்தச் சிறிய ஊர் பெரிய திட்டம் போட வேண்டாம். ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் நகராட்சி நடத்தும் விடுதி ஒன்று வரட்டும். எந்த மாநிலம், ஆணா பெண்ணா திருநரா என்று வாசலில் யாரும் கேட்கக் கூடாது. கீழ்த்தளத்தில் ஒரு குழந்தைக் காப்பகம். வாடகைக்கு நகராட்சி முத்திரையோடு ரசீது கொடுக்க வேண்டும். பள்ளிச் சேர்க்கைக்கும் வங்கிக் கணக்குக்கும் அதையே விலாசச் சான்றாக ஏற்கவைக்க வேண்டும். தனியார் வீடுகளைப் பொறுத்தவரை, கட்டட உரிமமும் வீட்டு வரியும் நகராட்சியின் கையில்தான் இருக்கின்றன. ஒரு அறைக்கு எத்தனை பேர், கழிப்பறை எத்தனை என்று பார்க்க அதிகாரி போகலாம். திருநர்களுக்குக் குடியிருப்புக் கொடுப்பவருக்கு வரியில் சலுகை தரச் சொல்லி அரசைக் கேட்கலாம். 2025 டிசம்பர் தேர்தலுக்குப் பின் உட்கார்ந்திருக்கும் புதிய கவுன்சில், தன் வருடாந்தரத் திட்டத்தில் இதற்கென்று முதல் தொகையை ஒதுக்கட்டும்.